ஆறு வீட்டுப் பங்கு

ஓய்வா சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, தட்டில் ஊற்றிய காப்பியை ஊதி ஊதி உறிஞ்சினான். பையில் இருந்த கடைசிக் கட்டி அது. பாதியைக் கடித்து உடைத்து, மீதியை ஹில்யாவின் வாயில் வைத்தான். வலைக்கயிற்றை இழுத்து இழுத்து அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. தானே எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் ஊரார் முன்னால் இப்படிச் செய்கிறானே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சர்க்கரை நாக்கில் கரைந்தது.

“பாத்தியா சைமி?” என்றான் தனேலி, தன் மனைவியை முழங்கையால் இடித்து. “உங்க அக்காவுக்கு எவ்வளவு ராஜ உபசாரம்! நான் குடுத்தா நீ வாங்கிப்பியா?”

“உன் வாயில இருந்தா? ஒரு வாரத்துக்குப் புகையிலைதான் நாறும். நீயே வச்சுக்கோ.”

பனிக்கட்டிமேல் நின்றிருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். கொர்வா வீட்டு அம்மாள்கூடச் சிரித்தாள். அவள் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

டிசம்பர் இரண்டாவது வாரம். சூரியன் உதிப்பது நின்று பதினைந்து நாள் ஆகியிருந்தது. நடுப்பகலில் மட்டும் தெற்கே, காட்டின் விளிம்பில் ஒரு நீல வெளிச்சம் வந்து இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போகும். அந்த வெளிச்சத்தில்தான் சீக்கபெரா ஊர்க்காரர்கள் உறைந்த ஏரியின் பனிக்கு அடியில் பெரிய வலையை விடுவார்கள். ஊரில் மொத்தம் ஆறு வீடு. பிள்ளைகள் எல்லாரும் நகரத்துப் பள்ளி விடுதியில். வலை இழுக்கும் நாளில் நடக்கத் தெரிந்த எவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். கதவைச் சாத்தி, அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் ஏரிக்கு வந்துவிடுவார்கள்.

வெள்ளைமீன்கள் பனிமேல் குவிந்து கிடந்தன. குளிர் அடிக்கும்போது அவை துள்ளும், பிறகு ஒவ்வொன்றாக விறைக்கும். கடைசி மீன் அடங்கக் கால் மணி நேரமாவது ஆகும். ஹில்யா பார்த்துக்கொண்டிருந்தபோது அவை அத்தனையும் ஒரே நேரத்தில் அடங்கின. யாரோ ஒரு சொல் சொன்னதுபோல.

“இன்னைக்குக் குளிர் அதிகம்,” என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல்.

யூலிதாலோ வீட்டுக் கிழவர் ஆவுகுஸ்தி மீன்களை ஆறு குவியலாகப் பிரித்தார். சின்னது பெரியது பார்த்து, ஒன்றை எடுத்து இங்கே போட்டு, ஒன்றைத் தூக்கி அங்கே போட்டு, ஆறும் சமம் என்று அவருக்கே நம்பிக்கை வரும்வரை விடமாட்டார். அதற்குப் பிறகு பங்கு. ஒருவர் மீனுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நிற்க வேண்டும். இன்னொருவர் கோலால் ஒரு குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். எந்தக் குவியல் என்று பார்க்காமல் சொல்வதால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆறு பெயரும் முடிவதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டால் பங்கு செல்லாது. எல்லாவற்றையும் கலந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வழக்கமாகக் கூப்பிடுகிற லெம்பி, ஆவுகுஸ்தியின் மனைவி, சளியில் குரல் கட்டிப்போய்த் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தாள்.

“மதினி நிக்கட்டும்,” என்றான் தனேலி. “மூணு வாரமா ஊர்ச் சரித்திரம் எழுதுறாங்கல்ல? வீட்டுப் பேரெல்லாம் நம்மளவிட அவங்களுக்குத்தான் தெரியும்.”

“வீட்டுப் பேர் ஆறுதானடா,” என்றார் ஆவுகுஸ்தி. “அதுக்கு ஒரு படிச்ச ஆள் வேணுமா? நில்லும்மா, நில்லு. கால் விறைக்குது.”

தனேலி சொன்னது உண்மைதான். விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஊரின் கதையை எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் கேட்டிருந்தார். தேவாலயப் பதிவேட்டிலிருந்து கையால் பிரதி எடுத்த தாள்களையும் அனுப்பியிருந்தார். யார் எப்போது வந்தார்கள், எத்தனை வீடு, எத்தனை தலை. ஹில்யா சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப எழுதினாள். 1867, பஞ்சத்து இலையுதிர் காலம்: பதினான்கு வீடு, நாற்பத்தொரு பேர். அந்த டிசம்பரில் ஒரே நாளில் இருபத்தொன்பது பேர் பனி உடைந்து மூழ்கினார்கள். அடுத்த ஜூனில்: ஆறு வீடு, பன்னிரண்டு பேர், வீட்டுக்கு இரண்டு பேராக. அதன் கீழே பாதிரியாரின் பொடி எழுத்தில், காரணம் எதுவும் இல்லாமல், ஆறு வீட்டின் பெயர் ஒரே வரியில். எழுதி எழுதி அந்த வரி அவள் வாயில் பாட்டுப்போல ஒட்டிக்கொண்டது. மாட்டில் பால் கறக்கும்போதுகூட அந்தத் தாளத்தில்தான் கறந்தாள்.

அவள் மீனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரே கரை, கரைமேல் ஆறு வீடு, ஆறு புகைக்கூண்டு, ஒன்றிலும் புகை இல்லை. நீல வெளிச்சத்தில் கூரைப் பனி சாம்பல் நிறமாகத் தெரிந்தது. ஈரக் கம்பளியும் கயிற்றுத் தாரும் மீன் வழவழப்பும் கலந்த வாடை பின்னாலிருந்து வந்தது.

தனேலி தொண்டையைச் செருமிக்கொண்டு, பாதிரியார் குரலில் கேட்டான். “இது யாருக்கு?”

“யூலிதாலோவுக்கு,” என்றாள்.

வரியின் முதல் பெயர். கூப்பிடுகிறவர்கள் பெயர்களை மாற்றி மாற்றித்தான் சொல்வார்கள். அவளுக்கு அது நினைவிருந்தது, ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

பின்னால் ஒரு சத்தம். மரத்தால் எதையோ அடிப்பதுபோல, கனமாக, ஒருமுறை. சற்று விட்டு இன்னொருமுறை. பல்லுள்ள பெரிய மீன் வலையில் வந்தால் தலையில் கட்டையால் அடிப்பார்கள். வெள்ளைமீனை யாரும் அடிப்பதில்லை, அது குளிரிலேயே செத்துவிடும். பெரிய மீன் ஏதாவது வந்ததா என்று அவள் யோசித்தாள். வந்ததாக நினைவில்லை.

“இது யாருக்கு?” தனேலிதான். ஆனால் பாதிரியார் குரல் போய்விட்டது.

“மெல்லாவுக்கு.”

அடி. அடி. யாரோ முனகினார்கள், அல்லது பனி முனகியது. குளிர் ஏறும்போது ஏரி அப்படி முனகுவதுண்டு, அடியிலிருந்து, வயிற்றைப் பிசைவதுபோல. அப்போதுதான் அவள் யூலிதாலோவின் புகைக்கூண்டைக் கவனித்தாள். அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மெல்லிய கோடாக இல்லை. பெரிய அண்டாவை ஏற்றி விறகைத் திணித்ததுபோல, தடித்து, கருத்து, கூரையிலிருந்து நேராக மேலே போனது.

“ஆவுகுஸ்தி தாத்தா,” என்றாள், சிரிக்க முயன்று. “அடுப்ப அணைக்காமலா வந்தீங்க?”

பத்துப் பேர் நின்றிருந்த இடத்தில் பூட்ஸ் நெரிபடும் ஓசைகூட இல்லை.

மெல்லாவின் கூண்டிலும் புகை எழுந்தது.

“தனேலி, யாரு ஊருல இருக்கா?”

“மதினி.” அவன் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது, எதையோ கடித்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. “கோல என் கையில இருந்து வாங்கிட்டாங்க மதினி.”

“யாரு?”

“இது யாருக்கு?”

அது தனேலியின் குரல் இல்லை. ஒருவருடைய குரலே இல்லை. ஆணும் பெண்ணுமாகப் பலர் ஒன்றாக, அவசரமே இல்லாமல், பழைய இழுவையில் கேட்டார்கள். அந்த இழுவையில் பேசுகிறவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அவளுடைய உடம்பு திரும்பத் தொடங்கியது; தோள் நகர்ந்தது, கழுத்து நகர்ந்தது.

“திரும்பாத!” ஓய்வாவின் அலறல். “ஹில்யா, திரும்பாத! கலைச்சிடுவாங்க. முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. ஆவுகுஸ்திய மறுபடியும்... ஐயோ, திரும்பாத.”

அவள் கழுத்தை நிறுத்தினாள். எதிரே இரண்டு வீடுகள் புகைந்தன. காற்று இல்லாத அந்தக் குளிரில் வாசனை ஏரிமேல் தவழ்ந்து அவளிடம் வந்து சேர்ந்தது. வேகும் இறைச்சி. உப்பில்லாமல், வெங்காயமில்லாமல், வெறும் தண்ணீரில் வேகும் இறைச்சி. அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. அதற்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

மூன்று வாரமாக மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தவை அப்போது ஒன்றுசேர்ந்தன. இருபத்தொன்பது பேர் மூழ்கினார்கள். ஒருவருக்கும் கல்லறை இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஏரியில் மீனே அகப்படவில்லை, மரப்பட்டையை இடித்துத் தின்றார்கள் என்று பாதிரியார் வேறோர் இடத்தில் எழுதியிருந்தார். பன்னிரண்டு பேர் ஜூன்வரை இருந்தார்கள். வீட்டுக்கு இரண்டு பேர். ஆறு வீட்டின் பெயர் ஒரே வரியில். அது பிழைத்த வீடுகளின் பட்டியல் இல்லை. அது பங்கு கூப்பிட்ட வரிசை.

“இது யாருக்கு?”

அவள் வாயை மூடிக்கொண்டாள். சொல்லாவிட்டால் முடிந்தது. பெயர் இல்லாமல் பங்கு இல்லை.

அப்போது கொர்வா வீட்டு அம்மாளின் குரல் கேட்டது. கத்தல் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றாக, துணியைக் கிழிப்பதுபோன்ற ஒரு சத்தமும் அதைத் தொடர்ந்து அந்த அம்மாளின் குரலும். கிழிசல். குரல். கிழிசல். குரல். நடுவில் அவள் மகன் கெஞ்சினான். “அம்மாவ விட்டுடுங்க, விட்டுடுங்க, கையாவது...” அதன் பிறகு அவனும் கெஞ்சவில்லை, அவனுக்கும் அதே சத்தம் தொடங்கியிருந்தது.

“அக்கா!” சைமி கதறினாள். “சொல்லுக்கா! நீ சொல்ற வரைக்கும் சாகவும் விட மாட்டேங்கிறாங்க! உசுரோட பிரிக்கிறாங்கக்கா!”

“கொர்வாவுக்கு,” என்றாள் ஹில்யா.

அடி. அடி. அமைதி. அந்த அமைதி எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் பயங்கரம்.

மூன்றாவது புகை.

“இது யாருக்கு?”

“நீவாவுக்கு.” உடனே சொன்னாள். நீவா வீட்டில் ஒற்றை ஆள்தான். ஒரே அடி.

நான்காவது புகை. நான்கு வீட்டின் கதவுகளும் இப்போது திறந்திருந்தன. ஒவ்வொரு கதவிலும் இரண்டு பேர் நின்றார்கள். அவ்வளவு தூரத்திலும் அவர்களுடைய மெலிவு தெரிந்தது. துணி மாட்டிய கம்புகள்போல நின்றார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு மரத்தொட்டி, ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தார்கள். ஆர்ப்பாட்டம் இல்லை. பங்கு வாங்க வந்தவர்கள் நிற்பதுபோல, பொறுமையாக, மரியாதையாக.

“இது யாருக்கு?”

பெர்த்துலா. ரந்தா. இரண்டுதான் பாக்கி. பெர்த்துலாவில் தனேலியும் சைமியும். ரந்தாவில் அவளும் ஓய்வாவும்.

அவள் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. காலுக்குக் கீழே ஏதோ சூடாக ஓடி வந்து பூட்ஸைத் தொட்டது, இரண்டு பக்கமும் வழிந்து முன்னால் போனது, பனியில் கருத்து, ஆவி விட்டு, உறைந்தது.

தனேலிதான் முதலில். அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். நீளமாக, கெட்டிக்காரத்தனமாக, ஊரில் அவனைப்போலத் திட்ட ஆளில்லை. “ஒழுங்கா வெட்டுங்கடா, பிச்சைக்காரப் பயலுகளா, பட்டினியில செத்தும் கத்தி தீட்டக் கத்துக்கலையா...” பிறகு அதில் சொற்கள் இல்லாமல் போயின.

பிறகு சைமி.

சைமிக்கு இருபத்தாறு வயது. தங்கையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ஹில்யாதான். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் சைமி அழ மாட்டாள், மூக்கால் ஒரு சின்ன முனகல் முனகுவாள், அவ்வளவுதான். அந்த முனகல்தான் இப்போதும் வந்தது. அதே முனகல். நிற்காமல்.

“அக்கா.”

“சைமி, நான்...”

“பரவால்லக்கா. எங்க வீட்டச் சொல்லு. சீக்கிரம்.”

“பெர்த்துலாவுக்கு.”

அடி.

அடி.

ஐந்தாவது புகை. ஐந்து கதவு. பத்துப் பேர்.

அவளுடைய வீட்டுக் கூண்டு மட்டும் வெறுமையாக நின்றது. கதவு திறந்தது. காலையில் அவளே தாழ்ப்பாள் போட்ட கதவு. உள்ளேயிருந்து இருவர் வந்து வாசலில் நின்று, தொட்டியைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி பெண். அவள் தலையைச் சாய்த்து ஹில்யாவையே பார்த்தாள். நீ சொல்வாய் என்று தெரியும் என்பதுபோல.

“இது யாருக்கு?”

ஓய்வா சத்தம் போடவில்லை. மூச்சு மட்டும். ஓடி வந்தவன் விடுவதுபோல, வேகமாக, வாயால். மிக அருகில். கையைப் பின்னால் நீட்டினால் தொட்டுவிடலாம். இரும்பு வாடை. கிழிசல்.

“ஓய்வா.”

“இருக்கேன்.”

“நான் சொல்ல மாட்டேன்.”

கிழிசல். மூச்சு.

“சொல்லிடும்மா,” என்றான்.

“மாட்டேன். சொன்னா நீ போயிடுவ.”

“ஹில்யா. நான் பாதிதான் இருக்கேன்.”

“பாதியாவது இரு.”

அதைச் சொன்னது அவள்தான். பின்னாளில் எத்தனையோ முறை அந்த வாக்கியத்தை வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் அவன் மூச்சைக்கூடக் காணோம். பிறகு வந்தது.

“இது யாருக்கு?”

அவள் நடக்கத் தொடங்கினாள். கரையை நோக்கி இல்லை. அங்கே பன்னிரண்டு பேர் நின்றார்கள். பக்கவாட்டில், ஏரி ஓரமாக, நகரத்துக்குப் போகும் குளிர்காலப் பாதையில். பதினெட்டு கிலோமீட்டர். திரும்பவில்லை. நீல வெளிச்சம் போய்விட்டது. பூட்ஸில் உறைந்தது ஒவ்வொரு அடிக்கும் உடைந்து உதிர்ந்தது. கேள்வி பின்னாலேயே வந்தது. அவசரமே இல்லை. ஒரு கிலோமீட்டர். இன்னொரு கிலோமீட்டர். இது யாருக்கு. இது யாருக்கு. அதோடு மூச்சு.

தபால் வண்டிக்காரன் பெரிய சாலையில் அவளைப் பார்த்தபோது அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். கையை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இடது காலில் மூன்று விரல்களை எடுக்க வேண்டிவந்தது.

பனி உடைந்து பத்துப் பேர் மூழ்கினார்கள் என்று போலீஸ்காரர்கள் எழுதினார்கள். ஏரியில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை அவர்களும் பார்த்தார்கள். ஆறு அடுப்பில் ஐந்து இன்னும் சூடாக இருந்ததையும் பார்த்தார்கள். வீடுகளுக்குள் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள் இருந்தன. அதையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இளையவர் ஒருவர் கேட்டார். மூத்தவர் பேனாவை மூடிவிட்டார். வசந்தம் வருவதற்குள் சீக்கபெராவின் பெயரை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஹில்யாவுக்கு நகரத்தில், ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே, இரண்டு அறை கிடைத்தது. பிள்ளைகளின் துணிகளைத் தைத்துக் கொடுக்கிறாள். தேவாலயத்துக்குப் போகிறாள், கடைசி வரிசையில், முதுகு சுவரோடு ஒட்டும்படி உட்காருகிறாள். அதனால் ஒன்றும் ஆவதில்லை. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருநாள் கேட்டாள், என்னம்மா யாராவது பேரைக் கேட்டால் இப்படி வெலவெலத்துப்போகிறாய் என்று. ஹில்யா ஊசியில் நூலைக் கோத்தாள். சொந்த வீட்டின் பெயரை அவள் யாரிடமும் சொல்வதில்லை. கடிதம் வாங்கும்போதுகூட, கையெழுத்துப் போடும்போதுகூட இல்லை.

சில நாள் காலையில் அடுப்பைப் பார்த்து நின்று காப்பி போடும்போது, அந்தக் குரல்கள் களைத்துப்போய்க் கேட்காமல் விட்டுவிடும். அப்போது அவன் மட்டும் கேட்பான். சொல்லிடும்மா. கோபம் இல்லை அதில். பத்து வருஷமாகக் கெஞ்சுகிறவனுடைய குரல். அவள் அடுப்பைத் துடைப்பாள். துடைத்ததையே மறுபடி துடைப்பாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள். பெயர் நாக்கு நுனிவரை வரும். சின்னப் பெயர்தான், இரண்டே அசை. விழுங்கிவிடுவாள்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அது முதுகுக்குப் பின்னால்தான்.

கிழிசல்.

மூச்சு.

அவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.